விசாரிப்பது யார்? எதிர்வாத முறையும் நீதிபதி விசாரணை முறையும்

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரின் ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றத்துக்கு ஒரு தம்பிக்குத் துணையாகப் போயிருந்தேன். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், இங்கே கட்டுமான வேலை. தங்கும் விடுதியில் நடந்த ஒரு கைகலப்புக்கு அவர் சாட்சி. சாட்சிக் கூண்டில் அவரும் பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரும். நான் பொதுமக்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கறிஞர் எழுந்து ‘ஐ புட் இட் டு யூ’ என்று தொடங்கி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர், “அன்று நீங்கள் மது அருந்தியிருந்தீர்கள் என்று உங்கள் முன் வைக்கிறேன்” என்றார். தம்பி குனிந்து தன் முன்னால் பார்த்தார். அங்கே ஒன்றும் வைக்கப்படவில்லை. தண்ணீர் டம்ளர்தான் இருந்தது.

வெளியே வந்து ஹாங் லிம் உணவங்காடியில் தே குடிக்கும்போது கேட்டார்: “ஏண்ணே, ஜட்ஜய்யா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே. அவரு பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்தாரு. வக்கீலுதான் என்னையப் போட்டு விசாரிக்கிறாரு. அப்ப ஜட்ஜு எதுக்கு?”

சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடத்தை ஒரு மடக்குத் தேநீருக்குள் கேட்டுவிட்டார். பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. என்னிடம் இருந்தது ‘விசாரணை’ என்ற ஒரே சொல்.

போலிஸ் நிலையத்தில் நடப்பதும் விசாரணை, நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதும் விசாரணை. வழக்கறிஞர் சாட்சியை மடக்கினால் குறுக்கு விசாரணை. இறப்பின் காரணத்தை அறிய நடப்பது மரண விசாரணை. ஊருக்குத் தொலைபேசியில் பேசி முடிக்கும்போது ‘அத்தையை விசாரிச்சதா சொல்லு’ என்கிறோமே, அதுவும் இதுவேதான். ஆங்கிலம் இன்வெஸ்டிகேஷன், என்குவைரி, ஹியரிங், ட்ரையல், எக்ஸாமினேஷன் என்று ஐந்தாறு கூறுபோட்டு வைத்திருப்பதை நாம் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவைத்திருக்கிறோம். சட்டத் தமிழ் அதிலிருந்து ‘புலனாய்வு’ என்பதை மட்டும் பிரித்தெடுத்தது. அது போலிஸ் செய்யும் வேலைக்கு நன்றாகவே பொருந்திவிட்டது.

‘விசாரம்’ வடசொல். ‘வி’ என்ற முன்னொட்டும், நடமாடுதலைக் குறிக்கும் ‘சர்’ என்ற வேரும் சேர்ந்தது. மனம் ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி வருவது. தமிழுக்கு வந்ததும் கவலை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ‘விசாரப்படாதே’ என்று பாட்டிமார் சொல்வார்கள். நீதிமன்றப் படியேறுகிறவருக்கு இரண்டு பொருளும் சரியாகத்தான் இருக்கும்.

தம்பியின் கேள்விக்குப் பதில் இரண்டு ஆங்கிலச் சொற்களில் இருக்கிறது: நீதிபதியே தேடும் முறை ‘இன்குவிசிட்டோரியல்’, இரு தரப்பும் வாதாடும் முறை ‘அட்வெர்சேரியல்’. ‘இன்குவிசிட்டோரியல்’ என்பதன் வேர், தேடு, கேள் என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினை. என்குவைரியும் இன்குவெஸ்டும் அதன் பங்காளிகள். மத்திய கால ஐரோப்பாவில், குற்றம் சாட்ட ஆள் இல்லாமலேயே, ஊர்ப்பேச்சை வைத்து நீதிபதி தாமே தேடத் தொடங்கும் நடைமுறையைத் திருச்சபை வளர்த்தது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை அதற்கு ஒழுங்கான விதி வகுத்தது. அதே சங்கம், பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொல்லிக் குற்றத்தைக் கண்டறியும் சோதனைகளில் குருமார் பங்கெடுப்பதையும் தடைசெய்தது. கடவுள் தீர்ப்பளிப்பது நின்றால் மனிதன்தானே அளிக்க வேண்டும்? ஐரோப்பியக் கண்டம் அந்த வேலையைத் தேடுகிற நீதிபதியிடம் கொடுத்தது. இங்கிலாந்து ஊர்க்காரர் பன்னிருவரிடம், அதாவது ஜூரியிடம், கொடுத்தது. இரண்டு பாதைகளும் பிரிந்த இடம் ஏறக்குறைய அதுதான்.

பிற்காலத்தில் மதவிரோதிகளை வேட்டையாடிய நீதிமன்றங்கள் இதே பெயரைத் தாங்கியதால் சொல்லுக்குச் சித்திரவதையின் வாடை ஏறிவிட்டது. அதனால், பிரான்சில் பிடிபட்டவர்தான் தம் குற்றமின்மையை நிறுவ வேண்டும் என்று நம்மில் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறு. குற்றம் உறுதியாகும்வரை எவரும் நிரபராதியே என்பது 1789இன் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்திலேயே, ஒன்பதாவது விதியாக, இருக்கிறது. அங்கே மாறுவது தேடுகிற ஆள். நெப்போலியன் காலத்து 1808ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநிறுத்திய புலனாய்வு நீதிபதி, கொலை போன்ற கடுங்குற்றங்களில் சாட்சிகளை அழைத்துக் கேட்டு ஒரு கோப்பைக் கட்டுகிறார். குற்றத்தை நிறுவும் சான்றையும் அதைக் குலைக்கும் சான்றையும் அவரே திரட்டியாக வேண்டும். தீர்ப்பளிக்கும் மன்றத்தின் தலைவர் அந்தக் கோப்பைப் படித்துவிட்டு வந்து உட்காருகிறார். முதல் கேள்விகளும் அவருடையவையே. இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருப்பது சரியா என்ற சண்டை அந்த நாடுகளிலேயே ஓயவில்லை. ஜெர்மனி 1975இல் புலனாய்வு நீதிபதிப் பதவியை எடுத்துவிட்டது. இத்தாலி 1989இல் எதிர்வாதத்தின் பக்கம் பெரிதும் சாய்ந்தது.

‘அட்வெர்சேரியல்’ என்பதன் வேரும் லத்தீன்தான். எதிரே திரும்பி நிற்பவர் என்று பொருள். தமிழில் அச்சு அசலாக அதே கட்டுமானத்தில் ஒரு சொல் உண்டு: எதிரி. தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘முதல் எதிரி, இரண்டாம் எதிரி’ என்றுதான் எழுதுவார்கள். சிங்கப்பூரில் அதைக் கேட்டால் காதுக்குப் பகைவன் என்று படும். இங்கே செய்தித்தாள் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்று பத்து எழுத்துக் கூடுதலாகச் செலவழிக்கிறது. ஆனால் ‘எதிர்’ என்பதில் பகை இல்லை. மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிறோம், எதிர்வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம். ஆகவே ‘எதிர்வாத முறை’ என்பது எனக்குச் சம்மதம். ‘பகைமுறை’ என்று எங்கோ பார்த்தேன், வேண்டவே வேண்டாம்.

எதிர்வாத முறையில் சான்று தேடுவதும் சாட்சியைக் கேட்பதும் இரு தரப்பின் பொறுப்பு. நீதிபதி நடுவில் நின்று விதியைக் காக்கிறார், கேட்டதை வைத்து முடிவு சொல்கிறார். இங்கிலாந்தின் சட்டம் 1826இன் நீதிச் சாசனத்தோடு சிங்கப்பூருக்கு வந்தது. ஜூரியும் கூட வந்தது, 1969இல் ஒழிந்தது. ஜூரி போனது, வாதம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு வேடிக்கை: வழக்கறிஞர்கள் மோதுவதே இந்த முறையின் உயிர் என்கிறோம், ஆனால் இங்கிலாந்தில் கடுங்குற்றம் சுமத்தப்பட்டவர் எல்லாருக்கும் வழக்கறிஞர் முழுமையாக வாதாடும் உரிமை 1836இல்தான் கிடைத்தது.

நீதிபதி வாயே திறக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட சிங்கப்பூரின் சட்டமும், நீதிபதி எந்தக் கேள்வியையும் எந்த நேரத்திலும் கேட்கலாம் என்கிறது. கேட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் சுரங்க விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண் நிலக்கரி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்தார். நீதிபதிக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசை. சாட்சிகளைத் தாமே கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். மேல்முறையீட்டில் இரு தரப்பும் ஒரே புகாரைச் சொன்னார்கள்: எங்களை வழக்கு நடத்தவிடாமல் நீதிபதியே விசாரித்துவிட்டார். 1957இல் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்க உத்தரவானது. நம் தம்பி எதிர்பார்த்ததைச் செய்த நீதிபதிக்கு அந்தக் கதி.

பழந்தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், இருந்தது. ‘தேர்தல்’: ஆராய்ந்து தெளிதல். பாண்டியன் அவையில் கண்ணகியின் முதல் குற்றச்சாட்டே ‘தேரா மன்னா’ என்பதுதான். கொற்றவனே, நீ தேடிப் பார்க்கவில்லை என்கிறாள். அதன்பின் அவளே வழக்கறிஞர், அவளே சாட்சி. சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டுகிறாள். பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட அன்று அரசன் விசாரிக்கவும் இல்லை, கோவலனின் தரப்பைப் பேசவிடவும் இல்லை. இரண்டு முறையும் ஒரே நாளில் தவறியது. இவ்வளவு நல்ல ‘தேர்’ இன்று ‘தேர்தல்’ என்று வாக்குச்சாவடிக்கும், ‘தேர்வு’ என்று, தொடக்கப்பள்ளி இறுதியில் பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. இனி நீதிமன்றத்துக்கு மீட்க முடியாது.

தம்பியிடம் ஒன்றைச் சொல்ல மறந்தேன். அவர் தேடிய நீதிபதி இந்த ஊரிலும் உண்டு. 1985 முதல் இயங்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளிவரை, கோரலாம். வழக்கறிஞர் வாதாட இடமில்லை. ரசீது எங்கே, வாட்ஸ்அப்பில் என்ன சொன்னீர்கள், எந்தத் தேதியில் என்று நடுவரே கேட்பார். மரண விசாரணையும் அப்படியே: இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி என்று மரண விசாரணை அதிகாரி தேடுகிறார், யாரைத் தண்டிப்பது என்பது அவர் வேலை இல்லை. ‘விசாரணை’ என்ற சொல் முழுப் பொருளோடு உட்காரும் இடம் அதுதான் என்பேன்.

ஆக, இன்குவிசிட்டோரியலுக்கு வெறும் ‘விசாரணை முறை’ என்று எழுதினால் வாசகர் ஏமாறுவார். எதிர்வாத முறையிலும் விசாரணை நடக்கத்தானே செய்கிறது. ‘உசாவல் முறை’ தூய்மையாக இருக்கிறது, ஆனால் உசாத்துணை நூலைத் தாண்டி அந்தச் சொல்லோடு புழங்குகிறவர்கள் குறைவு. நான் ‘நீதிபதி விசாரணை முறை’ என்றே எழுதுகிறேன். விசாரிப்பது யார் என்பது பெயரிலேயே இருந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பது ‘ஐ புட் இட் டு யூ’. சாட்சி சொன்னதை மறுக்கப்போகிறவர், அந்த மறுப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1893இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்த விதி இது, அந்த வாசகம் அதற்கான சடங்கு. ‘முன்வைக்கிறேன்’ என்றால் தம்பி மேசையைத்தான் பார்ப்பார். வழக்கறிஞரிடம் போகிறவரைக் ‘கட்சிக்காரர்’ என்று தமிழ்நாட்டில் சொல்வதில் கட்சி என்பது தரப்பு. அதைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: “எங்கள் கட்சி இதுதான்: அன்று நீங்கள் குடித்திருந்தீர்கள். ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?”