புதிய வாத்தியங்களில் பழைய மெட்டு

ஆஸ்திரேலியப் பாப் பாடகி கைலி மினோக், தமது இசை வாழ்வின் 25 ஆண்டுகளையொட்டி 2012-இல் 'தி அபே ரோடு செஷன்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். மின்னணுத் தாளத்தோடு நடனத்துக்கென உருவான தம் பழைய வெற்றிப் பாடல்களை, லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக் குழுவுடன் புதிதாகப் பாடிப் பதிந்த தொகுப்பு அது. அதைக் கேட்ட வாசகர் ஒருவர், "வேகமும் கருவிகளும் மாறிய பின்னும், அதே பாட்டு என்று மூளை எப்படிக் கண்டுகொள்கிறது?" என்று வினவியிருக்கிறார்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு என்பதும், அது செவிப்பறை வழியாக உட்காதின் நத்தைச்சுருளை அடைகிறது என்பதும் தெரிந்தவையே. அச்சுருளுக்குள் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சவ்வு இருக்கிறது. உயர்ந்த சுரங்கள் அதன் தொடக்கத்தையும் தாழ்ந்த சுரங்கள் அதன் நுனியையும் அதிரச் செய்கின்றன. ஆகவே சுருதியைச் சற்றே மாற்றிப் பாடினாலும் வேறு இடங்களே அதிர்கின்றன.

இங்குதான் மூளையின் அழகிய வேலை தொடங்குகிறது. 400, 500, 600 ஹெர்ட்ஸ் என மூன்று சுரங்கள் அடுத்தடுத்து வருவதாகக் கொள்வோம். சுருதியைத் தாழ்த்தினால் அவையே 320, 400, 480 ஆகின்றன. இரண்டு வரிசைகளிலும் 400 இருக்கிறது. ஆனால் முன்னதில் அது முதற்சுரம், பின்னதில் நடுச்சுரம். அந்த எண் மூளைக்கு முக்கியமில்லை. மாறாமல் நிற்கும் 4:5:6 என்ற விகிதமே அதற்கு மெட்டு. தாளத்திலும் அப்படியே, வேகம் மாறினாலும் கால அளவுகளுக்கிடையேயான விகிதத்தை அது பற்றிக்கொள்கிறது. ஒரு வாரம் கேட்டுப் பழகிய மெட்டைச் சுருதி மாற்றி ஒலித்தாலும், ஆறு மாதக் குழந்தைகள் அதைப் பழகியதாகவே கொள்கின்றன.

இது எல்லா உயிர்களுக்கும் வாய்த்த திறனன்று. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவையின் காதும் சுரங்களை இடவாரியாகப் பிரிக்கிறது. இருந்தும், பழகிய சுரவரிசையைச் சுருதி மாற்றி ஒலித்தால் அது தடுமாறுகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அப்பறவை சுரத்தின் உயரத்தைவிட ஒலியின் தன்மையையே, அதாவது எந்தக் கருவி ஒலிக்கிறது என்று நமக்குக் காட்டும் பண்பையே, பற்றி நிற்பதாகக் காட்டியது. நாம் எளிதில் ஒதுக்கிவிடும் கருவி மாற்றம், அதற்குப் பாட்டையே மாற்றிவிடுகிறது. ஆகவே விகிதத்தைப் பிடிக்கும் திறன் காதில் இல்லை, காதுக்கு அப்பால் இருக்கிறது என்று கருத இடமுண்டு. பறவைக்குப் பாட்டுப் போட்டுக் காட்டும் ஆய்வுக்கு எதற்குப் பொதுப்பணம் என்று கேட்போர் உண்டு. நம் செவியுணர்வின் தனித்தன்மையை இத்தகைய ஒப்பீடுகளன்றி வேறெப்படி அறிவது? இவற்றுக்கு நிதி தருவது வீணல்ல என்பதே என் உறுதியான கருத்து.

மூளையின் இத்திறனுக்கும் எல்லை உண்டு. 1972-இல் உளவியலாளர் டயானா டாய்ச், எல்லோரும் அறிந்த ஒரு மெட்டின் சுரங்களை மாற்றாமல், ஒவ்வொன்றையும் மேல், நடு, கீழ் ஸ்தாயிகளில் முறையின்றிச் சிதறடித்து ஒலிக்கச் செய்தார். ஏற்ற இறக்கத்தின் வடிவம் குலைந்ததால் கேட்டவர்களால் அதை இனங்காண முடியவில்லை. ஆனால் இன்ன பாட்டு என்று முன்பே சொல்லிவிட்டால், நினைவிலுள்ள மெட்டோடு ஒவ்வொரு சுரத்தையும் ஒப்பிட்டு மூளை அதைப் பின்தொடர்ந்துவிடுகிறது. பெரிதும் உருமாற்றப்பட்ட பழைய பாடலை, தலைப்பைப் பார்த்த பிறகு கேட்கும்போது மெட்டு தெளிவாகப் புலப்படுவது இதனால்தான்.