பெட்டி மாட்டினால் பைக் ஏன் தலையாட்டுகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "400 சிசி வகை ஸ்போர்ட் டூரர் பைக் வைத்திருக்கிறேன். தனியாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. போன மாதம் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, மனைவியையும் உட்காரவைத்து ஏற்காடு போனேன். வளைவுகளில் வண்டி நான் நினைத்த கோட்டில் திரும்பாமல் வெளியே வெளியே போனது. இரவில் எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டினார்கள். நான் டிம்மில்தான் வந்தேன். வேகத்தடை தாண்டினால் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடுகிறது. ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றணுமா?"

இப்போதே வேண்டாம். முதலில் ஒரு இஞ்ச் டேப்பும், வண்டியைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆளும் போதும்.

கேள்வியில் மூன்று புகார் இருக்கிறது. முதல் இரண்டும் சுருள்வில்லின் கணக்கு, மூன்றாவது எண்ணெயின் கணக்கு. ஷாக் அப்சார்பர் என்று ஒரே பெயரில் நாம் கூப்பிடுகிற சாமானில் இந்த இரண்டு பேரும் தனித்தனி வேலை பார்க்கிறார்கள். சுருள்வில் எடையைச் சுமக்கிறது. எண்ணெய்க்கு எடையைப் பற்றிக் கவலையே கிடையாது. அசைவு வந்தால்தான் அது விழித்துக்கொள்ளும்.

சுருள்வில் பள்ளிக்கூட விஷயம். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சுருங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-லேயே சொல்லி முடித்துவிட்டார். பின்சக்கரத்தின் இடத்தில் 1 மி.மீ. இறங்க 20 நியூட்டன் கேட்கிற சுருள்வில் என்று வைத்துக்கொள்வோம். மனைவி 60 கிலோ, பெட்டியும் சாமானும் 20 கிலோ. இரண்டுமே கிட்டத்தட்ட பின் அச்சுக்கு நேர் மேலே உட்காருகின்றன. 800 நியூட்டன் கூடுகிறது, வண்டியின் வால் 40 மி.மீ. இறங்குகிறது.

நாலு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1450 மி.மீ. தூரம் என்றால், மொத்த வண்டியும் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலே மல்லாக்கச் சாய்ந்துவிடுகிறது. ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து அண்ணாந்து பார்க்கும். 50 மீட்டர் தள்ளி அந்த ஒளி ஏறத்தாழ 1.4 மீட்டர் உயர்ந்திருக்கும். நீங்கள் டிம்மில்தான் வந்தீர்கள். எதிரே வந்தவருக்கு அது பிரைட். வளைவில் வெளியே போவதற்கும் இதே சாய்வுதான் காரணம். முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய், அதற்குள்ளும் சுருள்வில்லும் எண்ணெயும் உண்டு) கூடுதலாகப் படுத்துக்கொள்கிறது, முன்சக்கரத்தின் மேல் விழும் எடையின் பங்கு குறைகிறது, ஹேண்டிலுக்குச் சோம்பல் வந்துவிடுகிறது.

அளப்பது சுலபம். பின்சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்படி வண்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அச்சிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளிக்கு அளந்துகொள்ளுங்கள். பிறகு பெட்டி, மனைவி, நீங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, அதே இரண்டு புள்ளிக்கு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்துக்குப் பெயர் சேக். சக்கரம் மேலும் கீழுமாகப் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் இது மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 110 மி.மீ. என்றால் 36 அல்லது 37. கூடுதலாக இருந்தால் சி ஸ்பேனரால் சுருள்வில்லின் வளையத்தைத் திருகி ப்ரீலோட், அதாவது சுருள்வில்லை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவை, ஏற்றுங்கள்.

"ப்ரீலோட் ஏற்றினால் சஸ்பென்ஷன் கட்டியாகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆகாது. சுருள்வில்லின் விறைப்பு அதன் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. வளையத்தைத் திருகுவதால் அதில் எதுவும் மாறாது. வால் உயர்கிறது, அவ்வளவுதான். நாற்காலியின் உயரத்தைக் கூட்டினால் மெத்தை கெட்டியாகிவிடுமா?

சரி, சுருள்வில் போதும். எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

எண்ணெய் இல்லாமல் வெறும் சுருள்வில் மட்டும் இருந்தால், ஒரு வேகத்தடை தாண்டியதற்கு வண்டி அடுத்த தெரு வரை குதித்துக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்வது எண்ணெய். ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் துளை. பிஸ்டன் நகர்ந்தால் எண்ணெய் துளை வழியாக நெருக்கியடித்துக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். அந்த நெரிசலில் அசைவு வெப்பமாக மாறுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் இதைத் தடையுறு அலைவு என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்.

ஆனால் வெறும் துளையில் ஒரு கோளாறு இருக்கிறது. வேகமாகப் பாயும் எண்ணெய் துளையில் சந்திக்கும் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நிதானமாக பிரேக் பிடித்தால் முன் ஃபோர்க் அரை வினாடியில் 5 செ.மீ. இறங்குகிறது: வினாடிக்கு 0.1 மீட்டர். இப்போது ஒரு வேகத்தடை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சின்னத் துண்டு: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கானது. அந்த வேகத்தில் அதில் ஏறும் சக்கரம் வினாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் மேலே போகும். நம் தெருக்களில் யார் வேண்டுமானாலும் சிமென்ட் குழைத்துப் போடுகிற மேடு வேறு சாதி. அதே 10 செ.மீ. உயரம், அகலம் மொத்தமே ஒன்றே கால் அடி. அதில் அதே வேகத்தில் ஏறினால் சக்கரம் வினாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் மேலே எகிற வேண்டும். டயர் கொஞ்சம் விழுங்கிவிடும், இருந்தாலும் பிரேக்கோடு ஒப்பிட்டால் முப்பத்தைந்து மடங்கு. துளையின் இருமடிக் கணக்கில் தடை ஆயிரத்து இருநூறு மடங்கைத் தாண்டும்!

அவ்வளவு பெரிய தடை என்றால் எண்ணெய் நகரவே நகராது. அந்த நொடியில் ஃபோர்க் வெறும் இரும்புத் தடியாகிவிடும். அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். துளையைப் பெரிதாக்கலாமே என்றால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தடுப்பாரில்லாமல் குப்புற இறங்கும். என் பழைய வண்டியில் ஒருவர் பேச்சைக் கேட்டு கெட்டியான ஃபோர்க் ஆயில் ஊற்றினேன். பிரேக் பிடித்தால் அருமையாக நின்றது. அரியாங்குப்பம் போய்த் திரும்புவதற்குள் இரண்டு கையும் மரத்துவிட்டது.

இதற்கு விடை என்ன என்பதைப் புதுச்சேரியில் ஒரு பட்டறையில்தான் முதன்முதலில் கண்ணால் பார்த்தேன். பழைய நாளிதழை விரித்து, ஒரு பெரிய வண்டியின் பின் ஷாக்கைப் பிரித்துப் போட்டிருந்தார் மெக்கானிக். பிஸ்டனுக்குப் பக்கத்தில் வட்ட வட்டமாக, நடுவில் துளையோடு, கழற்றிய வரிசை மாறாமல் பதினைந்து இருபது மெல்லிய தகடுகள்.

"என்ன அண்ணே இது, வாஷரா?"

"வாஷர் இல்ல சார், ஷிம். வண்டியோட குணமே இதுலதான் இருக்கு. வரிசையைக் கலைச்சுடாதீங்க."

ஒரு தகட்டை எடுத்து நகத்தால் சுண்டினார். நரம்பு மாதிரி ரீங்காரம் வந்தது. சுருள்வில் எஃகு, தடிமன் 0.10 மி.மீ. ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள் தருகிறார்களே, அந்தத் தடிமன்.

இவை பிஸ்டனின் துளைகளை மூடியபடி ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அடியில் பெரியது, மேலே போகப் போகச் சின்னது, கோபுரம் மாதிரி. எண்ணெய் மெதுவாக வந்தால் தகடுகள் அசைந்து கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கசிவு வழியாக மட்டும் போகச் சொல்கின்றன. எண்ணெய் வேகமாக வந்தால் தகட்டின் விளிம்பு வளைந்து மேலெழுகிறது, வழி அகலமாகிறது. இன்னும் வேகமாக வந்தால் இன்னும் வளைகிறது. முட்டுகிற கூட்டத்தின் பலத்துக்கு ஏற்பத் தானே அகலமாகிற வாசல் அது. இருமடியாக ஏறவேண்டிய தடை, கிட்டத்தட்ட நேர்கோட்டில், நிதானமாக ஏறுகிறது. சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, தாள் தடிமனில் தகடுதான்.

அதைவிட அழகு தகட்டின் கணக்கு. தகடு வளைய மறுக்கும் விறைப்பு, தடிமனின் மும்மடியாக ஏறுகிறது. 0.10-ஐ விட 0.20 தகடு எட்டு மடங்கு விறைப்பு. 0.15 தகடு ஒன்று, 0.10 தகடுகள் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. அதனால் ஒரே ஒரு 0.15-ஐ எடுத்துவிட்டு மூன்று 0.10 போட்டால், மொத்த விறைப்பு பெரிதாக மாறாது. பட்டறைக்காரர் மும்மடி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "மூணு பத்து ஒரு பதினஞ்சுக்கு சமம் சார், கிட்டத்தட்ட" என்றார். அவருக்கு அது கைப்பழக்கம்.

பிஸ்டனின் ஒரு பக்க அடுக்கு அமுங்கும்போது வேலை செய்யும், மறுபக்க அடுக்கு விரியும்போது. விரியும் பக்கத்து அடுக்குதான் பொதுவாக முரட்டு ஆள், ஏனென்றால் அமுங்கிய சுருள்வில் வாங்கிய ஆற்றலைத் திருப்பி எறியும்போது பிடித்து நிறுத்துவது அவர் பொறுப்பு. அதற்காக அவரை ரொம்பவும் முரடாக்கினால், சாலையில் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளில் ஒவ்வொரு பட்டைக்கும் வண்டி கொஞ்சம் இறங்கி, எழுந்திருக்க நேரமில்லாமல் அடுத்ததற்கு இன்னும் இறங்கி, கடைசியில் தரையோடு உட்கார்ந்துகொள்ளும். விலை உயர்ந்த வண்டிகளில் லோ ஸ்பீட், ஹை ஸ்பீட் என்று இரண்டு திருகு இருக்கும். ஹைவேயில் போகப் போகிறோம் என்று ஹை ஸ்பீடைத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வண்டியின் வேகம் இல்லை, பிஸ்டனின் வேகம். கையில் டீ கிளாஸோடு மெதுவாகப் போனாலும் குழியில் விழுந்தால் பிஸ்டனுக்கு அது ஹை ஸ்பீட்தான்.

வெகுநேரம் ஓடினால் எண்ணெய் சூடாகி இளகும். பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிற இடத்தில் குமிழி கட்டினால் தடையே போய்விடும். அதற்காக எண்ணெயை ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து, மறுபக்கம் நைட்ரஜனை அழுத்தி அடைக்கிறார்கள். சோடா பாட்டில் மூடியிருக்கும்வரை நுரைக்காத மாதிரி. இந்த ஒற்றைக்குழாய் ஏற்பாட்டை உருவாக்கியவர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிக்காரனாக இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை கொண்டாட ஆசை.

பராமரிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. டயர் காற்று ஆள் ஏறினால் எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது, படியுங்கள். ப்ரீலோட் மாற்றினால் செயின் தளர்வையும் ஆள் உட்கார்ந்த நிலையில் மறுபடி பாருங்கள். ஃபோர்க் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். டின்னில் 10டபிள்யூ என்று போட்டிருப்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். 40 டிகிரியில் பாகுநிலை எண் என்ன என்று பார்த்து வாங்குங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு: உப்புக்காற்று. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் குரோம் பூச்சில் ஒரு ஊசிமுனைப் புள்ளி துரு பிடித்தாலும், ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போது அது ஆயில் சீலை அறுக்கும். என் பழைய வண்டி வாங்கிய அன்று மணக்குள விநாயகர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சை நசுக்கி, திருஷ்டிக்கு ஒரு கறுப்புக் கயிறு ஃபோர்க் குழாயில் கட்டினார்கள். எலுமிச்சையால் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிறு மூன்று வருடம் கடற்காற்றின் ஈரத்தையும் மண்ணையும் பிடித்துவைத்திருந்தது. அவிழ்த்தபோது உள்ளே மோதிரம் போட்ட மாதிரி துரு, கீழே எண்ணெய் வழிசல். திருஷ்டி என்று ஒன்று இருந்தால் அந்தக் கயிறுதான் அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருப்பவர்கள் தயவுசெய்து கண்ணாடிக் கம்பியில் கட்டுங்கள்.

இன்னொரு ஆதங்கம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். போனிலேயே முடுக்கத்தை அளக்கும் சில்லு இருக்கிறது. நான்கு மாணவர்களும் கொஞ்சம் பெட்ரோல் காசும் இருந்தால் இந்தச் சாலையின் ஒவ்வொரு மேடும் எவ்வளவு அடிக்கிறது என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். ஆராய்ச்சி நிதி என்றால் குளிரூட்டிய அறையில் பெரிய கருவி வாங்குவது என்று நினைக்கிற பழக்கம் போனால்தான் இதற்கெல்லாம் பணம் வரும்.

வாசகர் அளந்து எழுதியிருந்தார். முழுப் பாரத்தோடு சேக் 72 மி.மீ.; ப்ரீலோட் இருப்பதிலேயே குறைந்த படியில் இருந்திருக்கிறது, வாங்கியதிலிருந்து யாரும் தொடவில்லை. முழுக்க ஏற்றியதும் 48. இன்னும் கூடுதல்தான். அதே ப்ரீலோடில் வெறும் வண்டியை நிறுத்தி அளந்தால் வெறும் 4 மி.மீ. இறங்குகிறது, பாரம் ஏறியதும் 48-க்குப் போய்விடுகிறது; இரண்டு பேருக்கும் பெட்டிக்கும் இந்தச் சுருள்வில் மெலிசு என்பதற்கு அதுதான் அடையாளம். மாதம் ஒருமுறைதான் ஜோடியாகப் போகிறார், பெட்டியில் ஐந்து கிலோ குறைத்தால் சமாளிக்கலாம் என்று சொன்னேன். தனியாக நின்று சீட்டை அமுக்கி விட்டால் வால் ஒருமுறை எழுந்து அடங்கிவிடுகிறதாம். எண்ணெய்க்கு உயிர் இருக்கிறது. பாரம் ஏறினால் அதே எண்ணெய்க்கு வேலை கூடுகிறது, அதனால் அந்த ஊஞ்சல் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அடுத்த வாரம் இருவரும் புதுச்சேரிக்கு வந்திருக்கிறார்கள். சுண்ணாம்பாறு பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது பின்னாலிருந்து மனைவி கேட்டாராம்: "என்னங்க, இன்னைக்குத் தூக்கிப் போடவே இல்ல?"