‘தீம்’ என்பதற்குக் கருப்பொருளா, உரிப்பொருளா?

சிறுகதை, நாவல், கவிதை எதைப் பற்றித் திறனாய்வு எழுத உட்கார்ந்தாலும் மாணவர்களின் முதல் வாக்கியம் பெரும்பாலும் ‘இக்கதையின் கருப்பொருள்’ என்றே தொடங்குகிறது. ஆங்கிலத் திறனாய்வில் ‘தீம்’ எனப்படுவதற்கு இணையாக இந்தச் சொல் பாடநூல், மேடை, மதிப்புரை எங்கும் பரவிவிட்டது. ஆனால் கருப்பொருள் என்ற சொல்லுக்குத் தமிழில் நெடுங்காலமாக வேறொரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய நம்மிடம் இன்னொரு சொல் கிடையாது.

‘முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே’ என்று, காதல் பாடல்களுக்கு இலக்கணம் சொல்லும் தொல்காப்பிய அகத்திணையியல் பாடலின் பொருளை வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அந்த நிலத்தில் பிறந்து புழங்குபவை கருப்பொருள். உரிப்பொருளைத் தனியாகச் சொல்கிறது:

‘புணர்தல் பிரிதல் இருத்தல் இரங்கல்
ஊடல் இவற்றின் நிமித்தம் என்றிவை
தேருங் காலைத் திணைக்குரிப் பொருளே.’

கூடுவது, பிரிவது, காத்திருப்பது, வருந்துவது, ஊடுவது, இவற்றுக்கான காரணங்கள் ஆகியவையே உரிப்பொருள். பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டால் விடையாக வருவது இந்த மூன்றாவதுதான். ஆகவே ‘தீம்’ என்பதற்கு நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் உரிப்பொருள்.

பிறகு ஏன் கருப்பொருள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது? கரு என்றால் சூல், முட்டைக்குள் இருப்பது, உலோகம் வார்க்கும் அச்சுக்கும் அந்தப் பெயர் உண்டு. கதை எதிலிருந்து முளைத்ததோ அதைக் ‘கதைக்கரு’ என்று இக்காலத்தில் சொல்லத் தொடங்கினோம். அது நல்ல சொல். எழுத்தாளன் மனத்தில் விழுந்த முதல் நிகழ்ச்சியை அது சரியாகவே சுட்டும். கதைக்கருவும் கருப்பொருளும் ஒலியில் நெருங்கியவை என்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு வந்துவிட்டது என்றே எண்ணுகிறேன். ‘தீம்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ‘முன்வைக்கப்பட்டது’ என்று பொருள். அதில் சூலும் இல்லை, வித்தும் இல்லை.

உரி என்ற வேர் இன்னும் ஆழமானது. உரிய, உரியவர், உரிமை எல்லாம் அதன் கிளைகள். ‘செய்யுட்கு உரியன உரிச்சொல்’ என்று நன்னூல் சொல்லும்போதும் அதே வேர்தான் பேசுகிறது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது கொங்கு மரபு; அந்த வட்டாரத்தார் இந்தச் சொல்லைத் தங்கள் வீட்டுச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் கலந்தால் என்ன இழப்பு என்பதைக் கொங்கு நாட்டுக் கதைகளை வாசிக்கும்போது தெளிவாகப் பார்க்கலாம். அங்கே ‘காடு’ என்றால் வனம் அல்ல. மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கும் மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய விட்டிருப்பது கொறங்காடு. ‘காட்டுக்குப் போய்விட்டு வந்தான்’ என்ற வரியைப் படித்துவிட்டுப் புலியைத் தேடுகிற வாசகருக்கு, அந்தக் காட்டில் பங்கு கேட்டு அண்ணன் தம்பிகள் ஏன் பேச்சு வார்த்தை இல்லாமல் போகிறார்கள் என்பது விளங்காது. வேலியும் கிணறும் மாடும் கம்மஞ்சோறும் வெறும் பின்னணி அல்ல. அவை கருப்பொருள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் உரிப்பொருளுக்குப் போய்ச் சேர முடியும்.

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது. கொங்குப் பேச்சும் கொங்கு உழவர் வாழ்வும் நிறைந்த நாவல். கணவனை இழந்த நாகம்மாள், குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் இருக்கிறாள். ஊரில் கெட்டியப்பனோடு பழக்கம். நிலத்தில் தனக்கு உள்ள பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. இதற்கு ‘கருப்பொருள்: பேராசை’ என்று விடை எழுதுவது எளிது, அது அநியாயமும்கூட. கணவனின் சொத்தில் இந்து விதவைக்குப் பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது. மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாவல் வெளிவந்த காலத்தில், காடும் தோட்டமும் மட்டுமே சொத்தாக இருந்த குடும்பத்தில் ஒரு விதவையின் பங்கு எவ்வளவு ஆட்டம் கண்ட நிலையில் இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். இந்த நாவலின் உரிப்பொருள் உரிமை. இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை என்பது இங்கே வெறும் அழகு அல்ல. வாசிப்புக்கு வழியே அதுதான்.

மையக்கருத்து, பாடுபொருள், உள்ளடக்கம் ஆகியவையும் வழக்கில் உள்ளன. கட்டுரைக்கு மையக்கருத்து பொருந்தும், கவிதைக்குப் பாடுபொருள் பொருந்தும். உள்ளடக்கம் மிகவும் அகலமானது. அதை நூலின் பொருளடக்கத்தோடு விட்டுவிடலாம்.

‘பாத்திரம்’ பற்றியும் ஒரு சொல். வடசொல்லான அது கலத்தைக் குறிக்கும், தகுதியுடையவரைக் குறிக்கும், நாடகத்தில் வேடம் ஏற்பவரையும் குறிக்கும். தமிழில் கதைமாந்தர் என்பதே போதும், நன்றாகவும் இருக்கிறது. அகப்பாடலில் மாந்தருக்குப் பெயர் கிடையாது: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது விதி. தலைவி, தோழி, செவிலி என்று யார் கூற்று என்பதை வைத்தே ஆளை அறிகிறோம். நாவலோ ஒரு பெண்ணின் பெயரையே தலைப்பாக்குகிறது. பெயர் வந்த பிறகு அவளை ‘விதவை’ என்ற வகைக்குள் அடக்கி எழுத முடியாது. சின்னப்பனை ‘வில்லன்’ என்று ஒதுக்கவும் முடியாது, அவன் பாடுபட்டுப் பண்ணையம் பார்க்கிறவன். அவளுடைய கூற்று எங்கே அவளுடையது, எங்கே கெட்டியப்பன் ஊதிவிட்டது என்று வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் மாணவர், நாகம்மாளை மாந்தராக வாசிக்கத் தொடங்கிவிட்டார்.