சிறிய புல்லி, சூடான காற்று

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2005-இல் வந்த மினி கூப்பர் எஸ் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறாராம். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் என்ற கருவி அதில் உண்டு. பெல்ட் ஓடும் அதன் சக்கரத்தை, அதாவது புல்லியைக் கழற்றிவிட்டு, 15 சதவீதம் சிறிய புல்லியை மாட்டினால் இருபது குதிரைத்திறன் கூடும் என்கிறார் அவருடைய நண்பர். வீட்டு வாசலில், ஒரே சனிக்கிழமையில் வேலை முடிந்துவிடுமாம். "ஒரு இரும்பு வட்டு சிறுத்துப் போனால் சக்தி எங்கிருந்து வருகிறது? இதில் ஏதும் ஏமாற்று இருக்கிறதா?" என்பது கேள்வி.

ஏமாற்று இல்லை. ஆனால் நண்பர் பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார்.

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். எடைக்கு எடை ஏறத்தாழ பதினைந்து பங்கு. எனவே இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவுதான் சக்தி. இந்த மினியின் இன்ஜின் 1.6 லிட்டர். நான்கு வீச்சு இன்ஜின் என்பதால், ஒரு சுற்றுக்கு அதில் பாதியை, அதாவது 0.8 லிட்டரை உறிஞ்சும். அதோடு இணைந்திருக்கும் ஈட்டன் எம்45 ரக சூப்பர்சார்ஜரோ, தான் ஒரு முறை சுற்றினால் 45 கன அங்குலம், அதாவது 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். பெல்ட் வழியாக அது இன்ஜினைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. ஆக, 0.8 லிட்டர் கொள்ளும் இடத்துக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் வந்து விழுகிறது. நெரிசலுக்கு அளவுகோல்தான் பூஸ்ட் அழுத்தம். இந்தக் காரில் அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு (ஏறத்தாழ ஒரு பார்) மேல் இன்னும் 0.8 பார் அளவுக்கு இருக்கும்.

புல்லியின் விட்டத்தை 15 சதவீதம் குறைத்தால் வேகம் 15 சதவீதம் கூடாது, 17.6 சதவீதம் கூடும். ஒன்றை 0.85-ஆல் வகுத்துப் பாருங்கள். வேகம் கூடினால் காற்று கூடும், காற்று கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1.1 பாரைத் தொடும். நண்பர் சொன்ன பாதிக் கணக்கு இதுதான்.

மறுபாதி அந்தக் கருவியின் வயிற்றுக்குள் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு பட்டறையில், சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து பழுதுபார்க்க வந்திருந்த, காற்று ஊதும் பெரிய ப்ளோயர் ஒன்றைத் திறந்து போட்டிருந்தார்கள். உள்ளே இரண்டு உடுக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல இடுப்புச் சிறுத்த இரண்டு இரும்பு உருளைகள். ஃபிட்டர் ஒன்றைக் கையால் திருப்பினார். மற்றது எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் நுழைந்து வெளியேறியது, உரசவே இல்லை. இடையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகிக் காட்டினார். கோடியில் இருந்த இரண்டு பல்சக்கரங்கள்தான் அந்த இடைவெளியைக் காக்கின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. உலைகளுக்குக் காற்று ஊதவும் சுரங்கங்களுக்குக் காற்று அனுப்பவும் பயன்பட்டது. காருக்கு வந்தது பிறகுதான். மினியில் இருப்பதும் இதன் பேரப்பிள்ளை. உடுக்கைக்குப் பதிலாக மூன்று மேடுகள், அவ்வளவே.

இப்போது ஒரு சின்னப் புதிர். இந்தக் கருவி காற்றை எங்கே அழுத்துகிறது? இரண்டு உருளைகளுக்கு நடுவில் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் நடு வழியாகக் காற்று போவதே இல்லை. ஒவ்வொரு பள்ளமும் வெளிக்காற்றை ஒரு கூடை அள்ளிக்கொண்டு, கூட்டின் சுவரை ஒட்டியபடி சுற்றி வருகிறது. வழி நெடுக அந்தக் கூடையின் அளவு மாறுவதில்லை. உள்ளே இருக்கும் காற்று வெளியில் இருந்த அதே சாதாரணக் காற்றுதான்.

அழுத்தம் நிகழ்வது கடைசி நொடியில். பொங்கலுக்கு முந்தைய இரவு, நெரிசலில் திணறும் பிளாட்பாரத்தில் ஒரு காலிப் பெட்டி வந்து நின்று கதவு திறந்தால் என்ன ஆகும்? பெட்டிக்குள் இருப்பவர் இறங்குவதற்குள் வெளியே இருப்பவர்கள் முட்டி மோதி உள்ளே பாய்வார்கள். அதேதான் இங்கேயும். கூடையின் விளிம்பு வெளிவாயை எட்டியதும், இன்ஜின் பக்கம் ஏற்கெனவே அடைபட்டிருக்கும் அழுத்தக் காற்று பின்னோக்கிப் பாய்ந்து கூடைக்குள் இருப்பதை ஒரே அடியில் நசுக்குகிறது. இந்தப் பாய்ச்சல் நொடிக்குப் பல நூறு முறை நடப்பதுதான் மினி காரின் பெயர்பெற்ற ஊளை. உருளைகளை 60 பாகை முறுக்கிச் செய்திருப்பதும் இதற்காகவே: கதவு படாரென்று திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சைக்கிள் பம்ப் அடித்திருப்பீர்கள். கைப்பிடி முதலில் இலகுவாக இறங்கி, முடிவில்தான் கனக்கும். அழுத்தம் படிப்படியாக ஏறுவதால் உழைப்பும் படிப்படியாகவே கூடுகிறது. ரூட்ஸ் உருளைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் ஒரு முகத்தில் சாதாரணக் காற்று, மறுமுகத்தில் முழு அழுத்தம். தொடக்கம் முதல் முடிவுவரை முழுக் கனத்தையும் தள்ள வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்பு எங்கும் மறைந்துவிடாது, காற்றில் சூடாக ஏறுகிறது.

கோடையில் 27 டிகிரி காற்று உள்ளே போவதாக வைத்துக்கொள்வோம். 0.8 பாருக்கு, வெப்பம் வீணாகாத ஓர் இலட்சியப் பம்ப் அதை 55 டிகிரி சூடேற்றும். ரூட்ஸ் 69 டிகிரி. வித்தியாசம் 14. சிறிய புல்லியை மாட்டி 1.1 பாருக்குப் போனால் இலட்சியப் பம்ப் 71, ரூட்ஸ் 94. வித்தியாசம் 23. அழுத்தம் கூடக் கூட ரூட்ஸ் தன் பலவீனத்துக்குள் இறங்குகிறது. இடைவெளிகள் வழியாகக் காற்று பின்வாங்கி மறுபடி மறுபடி சூடாவதையும் சேர்த்தால் உண்மை நிலை இன்னும் மோசம்.

சுற்றும் செலவையும் பார்த்துவிடலாம். இன்ஜின் 6,000 சுற்றில் ஓடும்போது சூப்பர்சார்ஜர் நொடிக்கு 148 லிட்டரை 0.8 பாருக்கு எதிராகத் தள்ளுகிறது. பெருக்கினால் ஏறத்தாழ 12 கிலோவாட். சிறிய புல்லியோடு 174 லிட்டர், 1.1 பார்: 19 கிலோவாட். வேகம் 18 சதவீதம்கூடக் கூடவில்லை. செலவு 60 சதவீதம் கூடிவிட்டது. அந்த 7 கிலோவாட், அதாவது பத்துக் குதிரைகள், இன்ஜினின் கையிலிருந்தே போகின்றன. காற்று கூடியதால் வரும் ஆதாயம், கசிவு போக, என் கணக்கில் 25 முதல் 30 குதிரைத்திறன். அதில் பத்தைக் கழித்தால் நண்பர் சொன்ன இருபதுக்கு அருகில் வந்து நிற்கிறோம். அதுவும் காற்று குளிர்ந்திருக்கும் வரையில்.

இந்த 12 கிலோவாட்டை நினைவில் வைத்துக்கொண்டு, சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் "எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்" விளம்பரத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு சிறு விசிறி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 கிலோவாட் எடுக்க ஆயிரம் ஆம்பியர் வேண்டும். அந்த விசிறியின் ஒயர் நூல் கனம்கூட இல்லை. ஆடி நிறுவனம் 2016-இல் எஸ்க்யூ7 காரில் உண்மையான மின் கம்ப்ரசரை வைத்தபோது, வெறும் 7 கிலோவாட்டுக்காகத் தனியாக 48 வோல்ட் அமைப்பையே போட வேண்டியிருந்தது. பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவதும் இதே ரகம்தான். கண்ணேறு படாமல் பம்பரில் கட்டும் எலுமிச்சம்பழம் எவ்வளவோ தேவலை. அது மைலேஜ் தருவதாகச் சொல்வதில்லை. நம் பாலிடெக்னிக்குகளுக்கு ஒரு பழைய ப்ளோயரும் வெப்பமானியும் வாங்க ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால், இந்த விசிறியை நம்புகிறவர்கள் குறைவார்கள் என்று நினைக்கிறேன்.

இனி வாசகரின் சனிக்கிழமைக்கு வருவோம். புல்லி தண்டின்மேல் இறுக்கமாக அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது. அதை இழுத்துக் கழற்றவென்று விற்கும் புல்லர் என்ற கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டினால் தண்டும் பேரிங்கும் போய்விடும். புல்லி சிறியதானால் பெல்ட்டும் கொஞ்சம் குட்டையாக வேண்டும். பலர் அதே கையோடு, சூட்டை வேகமாக வெளியேற்றும் குளிர்ரக ஸ்பார்க் பிளக்கும் போடுகிறார்கள். சூடான, நெருக்கமான கலவை, பொறி மூட்டிய தீ வந்து சேருமுன்னே தானாக வெடிப்பதுதான் நாக்கிங். அதைக் காதால் கேட்டதும் இன்ஜின் கணினி பொறியைத் தாமதப்படுத்தும். வாங்கிய குதிரைகளில் சில அங்கேயே இறங்கிவிடும். எனவே எளிதில் தானாக வெடிக்காத, அதிக ஆக்டேன் பெட்ரோல் கட்டாயம். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.

பூஸ்ட் மீட்டர் வாங்கிப் பொருத்தினால் ஒரு வேடிக்கையைக் காணலாம். பிறகொரு நாள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரியதாக மாட்டினால் முள் கீழே இறங்கும். பயப்பட வேண்டாம், காற்று குறையவில்லை. சூப்பர்சார்ஜர் அதே அளவைத்தான் அள்ளிப் போடுகிறது; குளிர்ந்ததால் நெரிசல் குறைந்திருக்கிறது. முள் இறங்கும், கார் இன்னும் வேகமாகப் பாயும்.

புல்லியைத் தொடுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பல்சக்கரங்கள் இன்ஜின் ஆயிலில் ஓடுவதில்லை. சூப்பர்சார்ஜரின் இரு கோடிகளிலும் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. இருபது ஆண்டாக அதை யாரும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். இந்தக் காரில் தண்ணீர்ப் பம்ப்பும் சூப்பர்சார்ஜரின் பின்கோடியிலிருந்துதான் சுற்றுகிறது. எண்ணெய் வற்றி அங்குள்ள பல் தேய்ந்தால் பம்ப் நின்று இன்ஜின் கொதித்துவிடும். 12,000 சுற்றில் தாக்குப்பிடித்த பல், 14,000-இல் பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை. முதல் சனிக்கிழமையை எண்ணெய் மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் புல்லியை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.