கையில் தடவிப் பார்த்தது சோதனை ஆகாது

சென்ற வைகாசியில், முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்த இரண்டு வாரங்களுக்குள், கல்யாணப் பெண்கள் நான்கு பேர் வீங்கிய முகத்துடன் பாளையங்கோட்டையில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார்கள். நான்காவதாக வந்த பெண்ணுக்குத் தாலி கட்ட இன்னும் மூன்று நாட்களே இருந்தன. இரண்டு கண்ணிமைகளும் திறக்க முடியாதபடி தடித்திருந்தன. கன்னமும் தாடையோரமும் சிவந்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள் எழும்பி, சில இடங்களில் கசியத் தொடங்கியிருந்தன. ஒத்திகை மேக்கப்புக்காக இரண்டு நாட்களுக்கு முன்புதான் ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் புதிய பிரைமர் ஒன்றை வாங்கி முகம் முழுவதும் போட்டிருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மகளை அழைத்து வந்திருந்த தாய், நான் கேட்பதற்கு முன்பே அந்த டியூபைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, “கடையில வச்சே கையில தடவிப் பார்த்துத்தான் வாங்குனோம் டாக்டரம்மா, ஒண்ணும் செய்யலியே” என்று அழுதார்.

இந்தச் சொற்களை நான் கேட்காத முகூர்த்த மாதம் இல்லை. சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கவனமாக நடந்துகொண்டதாகவே நம்புகிறார்கள். புறங்கையில் ஒரு துளியைத் தேய்த்து, இரண்டு நிமிடம் பார்த்து, எரியவில்லை, சிவக்கவில்லை என்றால் அந்தப் பொருள் தங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஊர் முழுவதும் வேரூன்றிக் கிடக்கிறது. கடையில் விற்கும் பிள்ளைகளும் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை எந்தெந்த வகையில் தவறு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, நேரம். அழகுப் பொருள்களால் வரும் ஒவ்வாமைத் தோல் அழற்சி தேள் கொட்டினாற்போல உடனே தெரிவதில்லை. அந்தப் பொருளில் உள்ள ஏதேனும் ஒன்றுக்கு உங்கள் உடல் முன்பே பகைகொண்டிருந்தால்கூட, தடவிய பிறகு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே அரிப்பும் தடிப்பும் தோன்றும். உடல் முதன்முதலாகச் சந்திக்கும் பொருளாக இருந்தால், அதைப் பகையென்று அடையாளம் காணவே 10 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம். காரணத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்யும் ஒட்டுச் சோதனையில், சந்தேகத்துக்குரிய பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைக்கிறோம். எடுத்தவுடன் ஒரு முறை பார்க்கிறோம். அத்தோடு விடாமல் 72 அல்லது 96 மணி நேரத்தில் நோயாளியை மறுபடியும் வரச் சொல்லிப் பார்க்கிறோம், ஏனென்றால் இரண்டாம் நாள் சுத்தமாக இருந்த இடம் நான்காம் நாள் சிவந்து தடித்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். தோலைப் படித்தவர்களுக்கே நான்கு நாட்கள் தேவைப்படும்போது, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையின் கண்ணாடி மேடைக்கு முன்னால் நின்றபடி இரண்டு நிமிடத்தில் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? நிறமும் மணமும் வழவழப்பும் தெரியும், வேறெதுவும் தெரியாது.

இரண்டாவது, இடம். புறங்கை வெயிலிலும் சோப்பிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் உரமேறிய தோல். கண்ணிமையோ உடலிலேயே மிக மெல்லிய தோல். இரண்டும் ஒரே உடலில் இருப்பதால் ஒன்றின் சாட்சியம் மற்றொன்றுக்குச் செல்லும் என்று நினைக்கக் கூடாது. என் துறையில் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித் தரும் செய்தி ஒன்று உண்டு: நகப்பூச்சு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பல நேரங்களில் விரலில் ஒன்றும் இருக்காது, அந்த விரல் அவ்வப்போது தொட்டுச் செல்லும் கண்ணிமையும் கழுத்தும்தான் தடித்துச் சிவந்திருக்கும். நாள் முழுவதும் பூச்சைச் சுமக்கும் விரலே ஒன்றும் சொல்லாதபோது, புறங்கையில் இட்ட ஒரு துளி முகத்துக்காக எதைச் சொல்லிவிடும்?

மூன்றாவது, அளவும் தடவையும். பிரைமர் கழுவி விடும் பொருள் அன்று. போட்டால் ஆறு மணி நேரமாவது தோலின் மீதே கிடக்கும், அதன் மேல் ஃபவுண்டேஷனும் பவுடரும் ஏறி அதை மூடி வைக்கும், வேர்வை அதை ஊற வைக்கும். ஒரு முறை தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கை கழுவுவதற்கும் இதற்கும் எந்தப் பொருத்தமும் இல்லை.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு வாதம், “இதே கம்பெனியத்தான் மூணு வருஷமா போடுதேன், இப்ப மட்டும் எப்படி?” என்பது. ஒவ்வாமை எந்த நாளிலும் புதிதாகத் தொடங்கலாம். நீண்ட காலப் பழக்கம் பாதுகாப்புக்கு உறுதி அளிக்காது. மேலே சொன்ன மணப்பெண்ணின் தோல் நன்றாக ஆறிய பிறகு ஒட்டுச் சோதனை செய்து பார்த்ததில், வாசனைக் கலவைதான் காரணம் என்று தெரிந்தது. முன்பு பயன்படுத்திய ஏதோ ஒரு வாசனைக் கிரீமிலோ பவுடரிலோ அந்தப் பகை தொடங்கியிருக்க வேண்டும்; புதிய பிரைமர் அதை வெளியே கொண்டுவந்தது.

அப்படியானால் எப்படித்தான் சோதிப்பது என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதமாவது இருக்கும்போது தொடங்குங்கள். முழு டியூபை வாங்காமல் மாதிரிப் பாக்கெட்டோ, ஐந்து பத்து மில்லி கொள்ளும் சிறிய டியூபோ கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப் பல கடைகளில் மாதிரி கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். உங்களுக்கு அலங்காரம் செய்யப்போகிற பியூட்டிஷியனிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அன்று அவர் கையில் எடுக்கப்போகும் அதே பிரைமரிலிருந்து ஒரு சிறிய அளவைச் சுத்தமான புதுச் சிமிழில் போட்டுத் தரச் சொல்லி, பெட்டியின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வேறு கிரீம் இருந்த டப்பாவில் வாங்கிவிடாதீர்கள், அப்புறம் எதைச் சோதித்தோம் என்பதே குழம்பிவிடும்.

அந்த மாதிரியை முழங்கை மடிப்பின் உட்புறத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு, காலையும் மாலையும் ஏழு நாட்கள் தடவுங்கள். தடவிய உடனே கழுவ வேண்டாம். அரிப்போ சிவப்போ பொடிப்பொடியான தடிப்போ வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். ஏழு நாளும் தோல் அமைதியாக இருந்தால், காதுக்குக் கீழே தாடையோரத்தில் மூன்று நாட்கள் தடவிப் பாருங்கள். அதுவும் கடந்த பிறகுதான் முகம். பத்து நாட்கள் என்பது நீளமாகத் தோன்றலாம். பத்திரிகை அடிக்க அதைவிட அதிக நாள் ஒதுக்குகிறோம்.

கடையில் திறந்து வைத்திருக்கும் டெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்கிறேன்: அதை முகத்தில் வைக்காதீர்கள். யார் யாருடைய விரல் அந்த வாய் அகன்ற டப்பாவுக்குள் போய் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பருவைக் கிள்ளிய விரலும் சீழ்க்கட்டியைத் தொட்ட விரலும் அதில் இருந்திருக்கும். உதட்டுப் பூச்சின் டெஸ்டரை நேரே உதட்டில் வைப்பது இதைவிட மோசம், உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸ் அந்த வழியில் பரவக்கூடும். நிறமும் பதமும் பார்க்கத்தான் வேண்டுமென்றால், பம்ப் வைத்த பாட்டிலிலிருந்தோ சுத்தமான குச்சியாலோ எடுத்துக் கையில் பாருங்கள். அந்த அளவுக்குத்தான் கைக்கு வேலை.

தோல் ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த பின் பிரைமர் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பது எளிது. முகத்தின் ஒரு பாதியில் பிரைமர் போட்டும் மறுபாதியில் போடாமலும், அன்றாடம் பயன்படுத்தும் அதே மாய்ஸ்சரைசர், அதே சன்ஸ்கிரீன், அதே ஃபவுண்டேஷனோடு ஒரு முழுக் காலை இருந்து பாருங்கள். குளிரூட்டிய கடைக்குள் எல்லாப் பிரைமரும் அழகாகத்தான் இருக்கும். சித்திரை வைகாசியில் முற்பகல் பதினொரு மணிக்கு டவுன் ரதவீதியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மண்டபத்தில் ஓமப் புகையும் வீடியோ விளக்கின் வெக்கையும் இதைவிடக் குறைவாக இருக்கப்போவதில்லை. தேய்க்கும்போது அழுக்குத் திரண்டாற்போல உருண்டு வருகிறதென்றால், கீழே போட்டது காயும் முன்பே அடுத்ததைப் போட்டுவிட்டீர்கள், அல்லது அளவு அதிகம், அல்லது அந்தப் பிரைமரும் அந்த ஃபவுண்டேஷனும் ஒன்றோடொன்று சேரவில்லை. பட்டாணி அளவு ஒரு முகத்துக்குப் போதும்.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அது பியூட்டிஷியன்களின் அறிவு. எண்ணெய் வழியும் முகத்துக்கு டைமெத்திகோன் போன்ற சிலிகோன் அடிப்படையிலானவை நன்றாக நிற்கும். வறண்ட முகத்துக்குக் கிளிசரினும் ஹயலூரானிக் அமிலமும் சேர்ந்த நீர் அடிப்படையிலானவை ஏற்றவை. சிலிகோன் என்றாலே துளைகளை அடைத்துப் பரு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை; டைமெத்திகோன் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும் பொருள், பருவுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் சில கிரீம்களிலேயே அது இருக்கிறது. ஆனால் ஊரின் காற்றைக் கணக்கில் எடுங்கள். சாரல் விழும் நாளில் தென்காசிக் கல்யாணத்துக்குப் பொருந்திய பிரைமர், அதே ஆனி ஆடியில் காற்றாலைகள் சுழலும் பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்து வறண்ட காற்றில் மூக்கோரத்தில் வெடித்துச் செதிலாக நிற்கும். வெயிலிலிருந்து காக்கும் அளவைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் போட்ட பிரைமரை நம்பிச் சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணுக்குரிய பாதுகாப்பு கிடைக்க வேண்டிய அளவில் யாரும் பிரைமர் பூசுவதில்லை.

பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். “தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது”, “ஒவ்வாமை தராதது”, “இயற்கையானது” என்று முன்பக்கத்தில் இருப்பவை உங்கள் தோலைப் பற்றி எந்த உறுதியும் தருவதில்லை. லாவெண்டர் எண்ணெயும் தேயிலை மர எண்ணெயும் இயற்கையானவைதான். ஒட்டுச் சோதனையில் பலருடைய முதுகைச் சிவக்க வைப்பவையும் அவைதான். பொருள்களின் பட்டியல் அதிகமாக இருப்பதிலிருந்து குறைவாக இருப்பதை நோக்கி எழுதப்படும். அதில் வாசனைப் பொருள் எங்கே இருந்தாலும், முன்பு ஒரு முறையேனும் முகம் தடித்தவர்கள் அதை வாங்க வேண்டாம். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதனப் பொருளைக் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தால் வைத்துவிட்டு வாருங்கள். தயாரித்தவரின் முகவரி, பேட்ச் எண், உரிம எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்தது, பாதி விலைக்கு ஆன்லைனில் வந்தது என்று எனக்கு முன்னால் வைக்கப்படும் பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று என்னாலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கல்யாணம் நிச்சயமானவுடன் மருந்துக் கடையில் வெள்ளையாக்கும் கிரீம் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருக்கின்றன. முகத்தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கிய பின், எவ்வளவு நல்ல பிரைமரைப் போட்டாலும் எரியத்தான் செய்யும்; பழி பிரைமர் மேல் விழும். அந்தக் கிரீமைப் பூசிய இடத்தில் சோதனை செய்தால் ஒவ்வாமை இருந்தாலும் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொதித்துச் சிவக்கும் என்பதால், நீங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் வந்து நிறுத்துங்கள்.

முகம் தடித்துவிட்டால் எல்லா அழகுப் பொருள்களையும் அன்றே ஓரமாக வையுங்கள். வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்துப் பத்து நிமிடம் வையுங்கள். எலுமிச்சையோ மஞ்சளோ சந்தனமோ தேய்க்க வேண்டாம். மருந்துக் கடையில் ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். மூச்சுத் திணறினாலோ உதடும் நாக்கும் வீங்கினாலோ எதற்கும் காத்திருக்காமல் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள். மற்றவர்கள் தோல் மருத்துவரிடம் வாருங்கள்; வரும்போது அந்த மாதத்தில் முகத்தில் போட்ட அத்தனை டியூபையும், பெட்டிகளைத் தூக்கி எறியாமல் பெட்டியோடு, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.