முதுகில் ஒரு சதுரப் புண்

வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஓரங்கள் நேராக இருந்தன. உள்ளே தோல் வெளுத்து மெலிந்து, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்.

"படர்தாமரைன்னு மூணு டியூப் களிம்பு தீர்ந்துடுச்சு டாக்டர், ஆறவே மாட்டேங்குது" என்றார் மனைவி.

படர்தாமரை வட்டமாகப் படரும். மூலை வைத்து வளராது.

"ஐயா, இதயத்துக்கு ஸ்டென்ட் ஏதும் வெச்சீங்களா?"

"நாலு மாசம் ஆச்சுங்க. ரொம்ப நேரம் பிடிச்சுது. அதுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?"

அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டேதான் பொருத்துவார்கள். அதைச் செய்யும் அறையான கேத் லேப்பில் எக்ஸ்ரே குழாய் பெரும்பாலும் மேசைக்கு அடியில்தான் இருக்கும். கதிர் முதுகு வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. முழுதாக அடைத்துப்போன ரத்தக்குழாயைத் திறக்க நேரமாகும். எக்ஸ்ரே குழாயின் கோணத்தை மாற்றாவிட்டால் அத்தனை கதிரையும் ஒரே இடத்துத் தோல் வாங்கிக்கொள்ளும். உடல் பருமனாக இருந்தால், படம் தெளிவாகத் தெரிய இயந்திரம் தானாகவே கதிரைக் கூட்டும்.

கதிரால் வரும் இந்தக் காயம் தீக்காயம் போல உடனே கொப்பளிக்காது. அடிபடுவது, தோலின் அடியடுக்கில் புதுச் செல்களை உண்டாக்கும் செல்கள். மேல்தோல் நாளாக ஆக உதிரும்போதுதான், அதன் இடத்துக்கு வர ஆள் இல்லை என்பது தெரியும். தோல் வாங்கும் கதிரை கிரே என்ற அலகில் அளப்பார்கள். 2 கிரேயைத் தாண்டினால் சில மணி நேரத்தில் லேசாகச் சிவந்து மறையலாம். 6 கிரேக்கு மேல் போனால் 10 நாள் வாக்கில் சிவக்கும். அளவு மிகவும் கூடினால் நுண்ணிய ரத்தக்குழாய்களும் கெட்டு, மாதக்கணக்கில் கழித்துப் புண் வரும். அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி 1994-லேயே எச்சரித்தது. ஆனாலும் இன்றைக்கும் இதைப் பூஞ்சை, பிளாஸ்டர் ஒவ்வாமை, படுக்கைப்புண் என்றுதான் பார்க்கிறோம். சந்தேகத்தில் பயாப்ஸிக்காக, அதாவது சோதனைக்காக, தோலில் ஒரு துண்டு வெட்டி எடுத்தால், அந்த வெட்டே ஆறாத புண்ணாகிவிடக்கூடும். சக மருத்துவர்களே, கத்தியை எடுக்கும் முன் ஸ்டென்ட் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஞ்சியோபிளாஸ்டியை, அதாவது ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் இந்தச் சிகிச்சையை, தள்ளிப்போட வேண்டாம். அது உயிர் காக்கும் சிகிச்சை. மார்பு எக்ஸ்ரேயில் தோலுக்குச் சேருவது ஒரு கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் சொல்வது, நெடுநேரம் நீளும் சிகிச்சைகளைப் பற்றி மட்டுமே. முடிந்ததும் மொத்தக் கதிர் அளவு எத்தனை கிரே என்று கேளுங்கள். இயந்திரம் அதைக் காட்டும். 5 கிரேயைத் தொட்டிருந்தால், இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டில் ஒருவர் முதுகைப் பார்த்து வரட்டும். சிவந்தால் சொறியாமல், கண்ட களிம்பையும் தடவாமல் சிகிச்சை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள்.

இவருடைய டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். ஸ்டென்ட்டின் நீளம், அகலம், மாத்திரைகள் எல்லாம் இருந்தன. கதிர் அளவு மட்டும் இல்லை. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வரும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.