பிராக்கெட் தாண்டினால் ஒன்றும் ஆகாது, போனஸை வாங்கிக்கொள்ளுங்கள்

ஐ.டி.யில் நல்ல பதவியில் இருப்பவர், மனைவிக்கும் வேலை. வரவேண்டிய 10,000 டாலர் போனஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ள முடியுமா என்று மேனேஜரிடம் கெஞ்சிவிட்டு, அதற்கப்புறம்தான் என்னிடம் வருகிறார். ஏன் சார் என்றால், "பிராக்கெட் மாறிடும். மொத்தச் சம்பளத்துக்கும் 24 பர்சென்ட் போயிடும். டாக்ஸ் கட் எல்லாம் பணக்காரங்களுக்குத்தான், நமக்கு எங்க?" என்கிறார். (பிராக்கெட் என்றால் வருமான வரியின் அடுக்கு, மேலே போகப் போக விகிதம் கூடும்.) ஆதாரமாக ஒரு வாட்ஸ்அப் படம் வேறு. அமெரிக்காவில், நியூஜெர்சியில் டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பது என் தொழில், வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். ஒவ்வொரு சீசனிலும் இந்த ஒரே உரையாடலை விதவிதமான ஆட்களோடு நடத்தி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிப் போட்டுவிடுகிறேன், இனி யாராவது கேட்டால் இந்தப் பதிவை அனுப்பிவிடலாம்.

நான் எந்தக் கட்சி என்று தேடாதீர்கள். இரண்டு கட்சி ஆட்களின் ரிட்டர்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, இரண்டு தரப்பும் ஒரே தப்பைத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் பணக்காரர்களுக்கு வரியைக் குறைப்பதா, கூட்டுவதா என்ற சண்டை 39.6 என்ற ஒரு எண்ணைச் சுற்றியே முப்பது வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1993இல் கிளின்டன் உச்ச வருமான வரி விகிதத்தை 39.6% ஆக்கினார். ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஆதரிக்கவில்லை, செனட்டில் (நாடாளுமன்ற மேலவை) ஓட்டு சரிபாதியாகி, துணை அதிபர் அல் கோர் வந்து ஓட்டுப் போட வேண்டியிருந்தது. புஷ் அதை 35%க்கு இறக்கினார், 2003இல் அந்தக் குறைப்பை வேகப்படுத்த துணை அதிபர் டிக் செனியின் ஓட்டு தேவைப்பட்டது. 2013இல் ஒபாமா காலத்தில், தனி நபருக்கு 4 லட்சம் டாலருக்கு மேல், தம்பதிக்கு 4.5 லட்சத்துக்கு மேல் என்று மறுபடி 39.6. 2017இல் ட்ரம்ப் 37 ஆக்கினார், இந்தத் தடவை ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டும் விழவில்லை. அது 2025 முடிவில் காலாவதியாக வேண்டியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது, செனட்டில் 50க்கு 50 நின்று துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் வந்து முடித்துவைத்தார். 1986இல் ரீகன் காலத்தில் ஒரு தடவை இரண்டு கட்சியும் கூடி உட்கார்ந்து, செனட் தன் வரிச் சீர்திருத்த மசோதாவை 97க்கு 3 என்று நிறைவேற்றியது. இப்போது நினைத்துப் பார்த்தால் வேறு நாட்டில் நடந்த மாதிரி இருக்கிறது.

சரி, 37க்கும் 39.6க்கும் நடுவே இருக்கும் அந்த 2.6 யாருக்கு? கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணினால், 2025 வருமானத்துக்கு 37% தொடங்குவது 751,600 டாலருக்கு மேல். அது சம்பளம் இல்லை, கழிவெல்லாம் போக மிஞ்சும் வரிக்குரிய வருமானம். இந்த எல்லையை அப்படியே வைத்துவிட்டு விகிதத்தை மட்டும் 39.6 ஆக்கினால், 8 லட்சம் டாலர் வரிக்குரிய வருமானம் உள்ள டாக்டர் தம்பதிக்குக் கூடுதலாக ஆகும் வரி சுமார் 1,258 டாலர். இதற்காக ஒரு பொங்கல் விழாவில் இரண்டு நண்பர்கள் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். இருவரும் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள். இரண்டு பேருக்கும் இந்த நாட்டில் ஓட்டு இல்லை, இரண்டு பேர் வருமானமும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இப்போது பிராக்கெட்டுக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். 2025 வருமானத்துக்குத் தம்பதியாக ஃபைல் பண்ணுகிறீர்கள், பொதுவாகக் கிடைக்கும் கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500 டாலர் முதலிலேயே கழிந்துவிடும். மிச்சத்தில் முதல் 23,850 டாலருக்கு 10%. அதற்கு மேல் 96,950 வரை உள்ள பகுதிக்கு 12%. அதற்கு மேல் 206,700 வரை உள்ள பகுதிக்கு 22%. அதையும் தாண்டிய டாலர்களுக்கு மட்டும், அந்த டாலர்களுக்கு மட்டும், 24%. கீழே உள்ள எந்த டாலரும் தன் விகிதத்தை மாற்றிக்கொள்ளாது. எந்தக் கோடீஸ்வரரின் ரிட்டர்னை எடுத்தாலும் சம்பள வருமானத்தின் முதல் அடுக்குக்கு உங்களுக்கும் அவருக்கும் ஒரே 10%தான்.

சரியாக 206,700இல் நிற்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம், அதாவது மொத்தச் சம்பளம் 238,200. அவர்களுடைய மத்திய வருமான வரி 35,302 டாலர். மொத்தச் சம்பளத்தில் 15%கூட இல்லை. இப்போது அந்த 10,000 போனஸ் வருகிறது. அதற்கு 24%, அதாவது 2,400. பிராக்கெட் மாறாமலே இருந்திருந்தால் 2,200 போயிருக்கும். ஆக, "பிராக்கெட் மாறிய" பாவத்துக்குத் தண்டனை 200 டாலர். அந்த 200க்குப் பயந்து 7,600 டாலரை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள், படித்தவர்கள், கோடிங் எழுதுகிறவர்கள், லூப்பும் இஃப் எல்ஸும் தெரிந்தவர்கள். (மாநில வரி, ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தம் எல்லாம் தனி. அவை பிராக்கெட் மாறினாலும் மாறாவிட்டாலும் போகத்தான் போகும்.)

இந்தப் பயம் நம்மவர்களிடம் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று யோசித்ததுண்டு. ஊரில் கரண்ட் பில்தான் காரணமோ என்னவோ. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும், அதனால் 490 ஆனதும் அம்மா ஏ.சி.யை நிறுத்தச் சொல்வார். அங்கே அது சரியான கணக்கு. இங்கே வருமான வரி பிராக்கெட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

அரசியல் மேடை இந்தக் குழப்பத்தில்தான் குளிர் காய்கிறது. ஒரு பக்கம் "அவர்கள் வந்தால் உங்கள் சம்பளத்தில் 40% போய்விடும்" என்கிறது. இன்னொரு பக்கம் "வரிக் குறைப்பு கோடீஸ்வரர்களுக்கு மட்டும்" என்கிறது. முதலாவது சொல்கிறவர் உங்கள் வருமானம் எட்டாத உச்ச அடுக்கைக் காட்டிப் பயமுறுத்துகிறார். இரண்டாவதை நம்பியவர்தான் 2019 சீசனில் என்னிடம் வந்து, "ரீஃபண்ட் பாதியாயிடுச்சு, ட்ரம்ப் என் வரியை ஏத்திட்டார்" என்று குதித்தவர். 2018இல் சம்பளத்தில் வரி பிடிக்கும் அட்டவணையை மாற்றினார்கள், மாதாமாதம் கையில் கொஞ்சம் கூடுதலாக வந்தது, அதனால் வருஷக் கடைசியில் திரும்ப வருவது குறைந்தது. அவருடைய மொத்த வரி உண்மையில் இறங்கியிருந்தது, வரிசை வரிசையாகக் காட்டினேன், நம்பவில்லை. ரீஃபண்ட் என்பது நீங்கள் அதிகமாகக் கட்டிவிட்ட உங்கள் சொந்தப் பணம். 2025இல் சட்டம் நடு வருஷத்தில் மாறியும் அந்த வரிப் பிடித்த அட்டவணையை மாற்றவில்லை, அதனால் அந்த வருஷத்துக்குப் பலருக்கு ரீஃபண்ட் கூடும். அதை வைத்தும் அரசியல் பேசாதீர்கள், தயவுசெய்து.

அப்படியானால் சண்டையே வெட்டியா என்றால், இல்லை. நிஜமான விஷயம் இருக்கிறது. மேல் 1% பேர் மத்திய வருமான வரியில் சுமார் 40% கட்டுகிறார்கள் என்று குடியரசுக் கட்சியினர் சொல்வது உண்மை. அதே 1%இன் கையில் நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது என்பதும், சம்பளத்தில் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி வரி 2025இல் 176,100 டாலரோடு நின்றுவிடுகிறது என்பதும் உண்மை, அதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஜனநாயகக் கட்சியினர் எடுத்துக்காட்டுவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகக் கணக்கு: 2025 சட்டத்தால் பத்து வருஷத்தில் பற்றாக்குறை 3.4 டிரில்லியன் டாலர் கூடும், மேல் பத்தில் ஒரு பங்கு குடும்பங்களுக்குச் சராசரியாக வருஷம் சுமார் 13,600 டாலர் லாபம், ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்டு, உணவு உதவி வெட்டுகளையும் சேர்த்தால் அடிமட்டப் பத்தில் ஒரு பங்குக்குச் சுமார் 1,200 டாலர் நஷ்டம். வரியைக் குறைத்தால் வளர்ச்சி வந்து அதுவே ஈடுகட்டிவிடும் என்பவர்கள் கன்சஸ் மாநிலத்தைப் பார்க்கலாம். 2012இல் அங்கே பெரிதாகக் குறைத்தார்கள், வருமானம் ஓட்டையாகி, 2017இல் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைச் சட்டமன்றமே தங்கள் கவர்னரின் வீட்டோவை மீறித் திருப்பிவிட்டது.

ஆனால் இரண்டு பக்கமும் விகிதத்தைப் பிடித்துத் தொங்குவதுதான் எனக்கு எரிச்சல். சம்பளம் வாங்கும் பணக்காரர், அதாவது அந்த டாக்டர் தம்பதி, எங்கேயும் ஒளிய முடியாது. டபிள்யூ-2 என்கிற சம்பளப் படிவத்தில் வந்ததற்கு முழுசாகக் கட்டுவார்கள். பெரும் பணம் பங்குகளில் இருக்கிறது. விற்காதவரை லாபத்துக்கு வரி இல்லை, நீண்டகாலம் வைத்து விற்றால் உச்சம் 20%, அதோடு 3.8% கூடுதல். விற்காமலே இறந்துபோனால் வாரிசுக்குப் பங்கின் அடக்கவிலை அன்றைய சந்தை விலைக்கு உயர்ந்துவிடும், அதுவரை சேர்ந்த லாபத்துக்கு வருமான வரியே கிடையாது. இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கான எஸ்டேட் வரி விலக்கோ 2026இல் ஆளுக்கு 15 மில்லியன் டாலர். பணக்காரர்களுக்குச் சலுகையா இல்லையா என்று சண்டை போட வேண்டுமென்றால் இங்கே போடுங்கள்.

சால்ட், அதாவது மாநில, உள்ளூர் வரிக் கழிவு விவகாரம் தனிக் கூத்து. மாநில வரி, சொத்து வரிக் கழிவுக்கு 2017இல் 10,000 டாலர் உச்சவரம்பு வைத்தது குடியரசுக் கட்சி, அடி விழுந்தது நியூஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியாவின் வசதியானவர்களுக்கு. அதை எடுக்கச் சொல்லிப் போராடியது, பணக்காரர்களுக்குச் சலுகை கூடாது என்கிற ஜனநாயகக் கட்சியின் நியூஜெர்சிப் பிரதிநிதிகள். இங்கே எடிசன் ஊரில் வீடு வைத்திருக்கும் என் தீவிர இடதுசாரி க்ளையண்ட் ஒருவருக்கு இந்த ஒரு வரிக் குறைப்பு மட்டும் மிகவும் நியாயமாகப் படுகிறது.

இனி செய்ய வேண்டியவை. 2025இல் அந்த சால்ட் வரம்பு 40,000 ஆகியிருக்கிறது, வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் குறைந்துகொண்டே வந்து 6 லட்சத்தில் பழைய 10,000இல் நிற்கும். வருஷக்கணக்காக ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனே எடுத்துப் பழகியவர்கள் சொத்து வரி ரசீதையும் வீட்டுக் கடன் (மார்ட்கேஜ்) படிவத்தையும் தேடி எடுங்கள், தனித்தனியாகக் கழித்தால் இப்போது அதிகம் கிடைக்கலாம். "போன வருஷம் மாதிரியே போட்டுடுங்க" என்று ஒரு வரி மெயில் அனுப்பாதீர்கள்.

ஆர்.எஸ்.யூ., அதாவது சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் வாங்குகிறவர்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். பங்கு கைக்கு வரும்போது கம்பெனி பொதுவாக 22%தான் பிடிக்கும். நீங்கள் 32% அடுக்கில் இருந்தால் மிச்சம் 10% யார் கட்டுவார்கள்? ஏப்ரலில் 20,000 டாலர் கட்டச் சொன்னதும், "டாக்ஸ் கட்னு சொன்னாங்களே!" என்று என்னிடம் கோபித்துப் பயனில்லை. வருஷ நடுவிலேயே சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கலாம் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்துங்கள், அல்லது காலாண்டுத் தவணை கட்டுங்கள். முந்தின வருஷ வரியில் 110% உள்ளே போயிருந்தால் அபராதம் வராது. முந்தின வருஷ வருமானம் ஒன்றரை லட்சம் வரை என்றால் 100% போதும்.

ஊருக்குப் பணம் அனுப்புவதற்கு வரி என்று 2025 மே மாதம் ஒரு பீதி கிளம்பியதே, முதலில் 5%, அப்புறம் 3.5% என்று. கடைசியில் சட்டமானது 1%, அதுவும் ரொக்கமாகவோ மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக்காகவோ கொடுத்து அனுப்பினால் மட்டும், 2026 ஜனவரி 1 முதல். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள், முடிந்தது. இந்த வரிக்குப் பயந்து தெரிந்தவர் மூலமாக ஊரில் ரூபாயாகக் கைமாற்றிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், 1% வரியைவிடப் பெரிய வில்லங்கம் அது.

கடைசியாக, இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். 15 மில்லியன் எஸ்டேட் விலக்கு நியாயமா என்று விவாதிக்கும் பலர், சில வருஷத்தில் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ நிரந்தரமாகத் திரும்பும் திட்டத்தில் இருக்கிறார்கள், இங்கே வாங்கிய பங்குகளை இங்கேயே விட்டுவிட்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், இந்தியாவில் குடியமர்ந்தவராக இறந்தால், அமெரிக்கப் பங்குகளுக்கு உங்களுக்குக் கிடைக்கும் எஸ்டேட் விலக்கு 60,000 டாலர்தான். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் கிடையாது, மேலே உள்ளதற்கு வரி 40% வரை போகும். திரும்பிப் போகும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை இதைப் பற்றி யாரிடமாவது, என்னிடம்தான் என்றில்லை, விவரம் தெரிந்த யாரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கணக்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்கும் தெரியட்டும்.